சிங்க் 'குளுக் குளுக்' என்கிறதா? வால்வு வாங்கும் முன் ஒரு ஈர்க்குச்சி எடுங்கள்

திருச்சியில் என் அக்கா வீட்டுக்கு மேலே புதிதாக ஒரு மாடி எடுத்தார்கள். குடிபோன இரண்டாம் நாளே சமையலறை சிங்க் பேச ஆரம்பித்துவிட்டது. பாத்திரம் கழுவிய தண்ணீர் இறங்கி முடிகிற நேரத்தில் 'குளுக்… குளுக்… கர்ர்ர்' என்று ஒரு சத்தம். அது அடங்கிக் கொஞ்ச நேரத்தில் சாக்கடை வாடை. பிளம்பர் வந்து பார்த்தார். "கீழ இருக்குற பாட்டில் ட்ராப்பைக் கழட்டிட்டு நேரா பைப் குடுத்துட்டா சத்தம் நின்னுடும்கா" என்றார். சத்தம் நின்றது. வாடைதான் நாள் முழுக்க என்றாகிவிட்டது, ராத்திரியில் கரப்பான் பூச்சி வேறு.

சத்தம் போட்டது ட்ராப்தான் (சிங்குக்கு அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீரைத் தேக்கி வைக்கிற பகுதி), ஆனால் குற்றம் ட்ராப்பினுடையது இல்லை. காற்றுக்குத் திணறுகிற குழாய், கிடைத்த வழியாக மூச்சு இழுத்தது. அந்த வழியில் ட்ராப் இருந்தது. இந்த மூச்சுத்திணறலுக்கு ஒரு மருந்துதான் ஏர் அட்மிட்டன்ஸ் வால்வு. சுருக்கமாக ஏ.ஏ.வி. என்பார்கள். உள்ளங்கையில் அடங்குகிற சாமான். ஆனால் எந்த நோய்க்கு என்று தெரியாமல் மாட்டினால் ஒரு பிரயோஜனமும் இருக்காது. அதனால் இந்தக் கட்டுரையில் மாட்டுவதைவிடக் கண்டுபிடிப்பதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

குழாய்க்கு எதற்குக் காற்று?

15 கிலோ எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்துப் பாருங்கள். குளுக் குளுக் என்று திக்கித் திக்கித்தான் ஊற்றும். எதிர் மூலையில் ஆணியால் இன்னொரு ஓட்டை போட்டுவிட்டால் சத்தமே இல்லாமல் ஒழுகும். மளிகைக்கடைக்காரருக்குத் தெரிந்த இந்த விஷயம்தான் கழிவுநீர்க் குழாயிலும். கட்டிடத்தின் மொட்டை மாடியில் தொப்பி போட்டு நிற்கிற வென்ட் பைப்தான் அந்த இரண்டாவது ஓட்டை.

அது இல்லாவிட்டால் என்ன ஆகும்? சிங்குக்கோ கமோடுக்கோ கீழே வளைந்து நிற்கிற ட்ராப்பில் ஏறத்தாழ 50 மில்லிமீட்டர், அதாவது இரண்டு இஞ்ச் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கி நிற்கும். சாக்கடைக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவே இருக்கிற ஒரே கதவு அந்தத் தண்ணீர்தான். குழாயில் தண்ணீர் மொத்தமாக இறங்கும்போது பின்னால் காற்று குறைந்து உறிஞ்சல் உண்டாகும். வேறு வழியில்லாவிட்டால் அந்த உறிஞ்சல் ட்ராப் தண்ணீரையே இழுத்துக்கொண்டு போய்விடும். கதவு திறந்துவிட்டது என்று அர்த்தம்.

இதை வெறும் வாடைப் பிரச்சினை என்று ஒதுக்க முடியாது. 2003-இல் சார்ஸ் பரவியபோது ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300 பேருக்கு மேல் நோய் கண்டது; 42 பேர் இறந்தார்கள். ஆய்வு செய்தவர்கள் காட்டிய காரணங்களில் முக்கியமானது, குளியலறைத் தரை ட்ராப்களில் தண்ணீர் வற்றிக் கிடந்தது. எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டதும் கழிவுக் குழாயின் காற்று அதன் வழியாக வீட்டுக்குள் வந்திருக்கிறது. குளியலறையில் ஃபேன் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

நம் ஊர்ப் பழைய வீடுகளில் இந்தப் பேச்சே எழுந்ததில்லை. சிங்க் குழாய் சுவரைத் துளைத்து வெளியே போய், தரையில் பதித்த கல்லி ட்ராப்பின் சல்லடை மேல் திறந்தபடி விழும். திறந்து விழுவதால் காற்றுக்குப் பஞ்சம் இல்லை. இப்போது எல்லாவற்றையும் மூடிய குழாயில், ஒரே டக்டில் (குழாய்களுக்கென்று விடுகிற செங்குத்து இடைவெளி), ஒரே ஸ்டேக்கில் (எல்லா மாடிக் கழிவும் இறங்குகிற நெட்டுக் குழாய்) கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். சமையலறையைத் தள்ளி வைத்து, தரைக்கடியில் பத்துப் பதினைந்து அடி குழாய் ஓட்டுகிறோம். மூச்சுத்திணறல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வால்வு செய்கிற ஒரே வேலை

உள்ளே ஒரு ரப்பர் தட்டு, தன் எடையிலேயே படிந்து மூடிக் கிடக்கும். குழாயில் உறிஞ்சல் வந்தால் தட்டு எழும்பி, அறைக் காற்று உள்ளே போகும். உறிஞ்சல் நின்றதும் தட்டு விழுந்து மூடிக்கொள்ளும், வாடை வெளியே வராது. ஸ்பிரிங் கிடையாது, கரண்ட் கிடையாது. நல்ல வால்வு 70 பாஸ்கல் உறிஞ்சலிலேயே திறந்துவிடும். அது 7 மில்லிமீட்டர் தண்ணீரின் எடைக்குச் சமம். 50 மில்லிமீட்டர் ட்ராப் தண்ணீரை இழுக்க ஏறத்தாழ 500 பாஸ்கல் வேண்டும். அந்த நிலை வருவதற்கு ரொம்ப முன்பே வால்வு திறந்துவிடும் என்பதுதான் கணக்கு.

1970-களில் ஸ்வீடனில் உருவான சாதனம் இது. கூரையைத் துளைத்து ஒவ்வொரு சிங்குக்கும் வென்ட் பைப் ஏற்ற முடியாத இடங்களுக்கு, முக்கியமாக நடு அறையில் தனியாக நிற்கிற கிச்சன் ஐலண்ட் சிங்குகளுக்கு, அமெரிக்காவில் நிறைய போடுகிறார்கள். அங்கேயும் எல்லா இடத்திலும் ஒரே விதி இல்லை. ஐ.பி.சி. என்கிற பிளம்பிங் விதித்தொகுப்பு நிபந்தனைகளோடு அனுமதிக்கிறது, யு.பி.சி. என்கிற இன்னொரு தொகுப்பைப் பின்பற்றும் ஊர்களில் பொதுவாக விடமாட்டார்கள், அதிகாரியிடம் தனியாகக் கேட்க வேண்டும். அங்கே இருந்துகொண்டு இதைப் படிப்பவர்கள் முதலில் உங்கள் ஊர் விதியைக் கேட்டுவிடுங்கள்.

இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: வால்வு காற்றை உள்ளே மட்டும்தான் விடும், வெளியே விடாது. இனி வருகிற எல்லா எச்சரிக்கையும் இதிலிருந்து வருவதுதான்.

ஈர்க்குச்சி வைத்தியம்

நேராகக் கடைக்குப் போகாதீர்கள். முதலில் ட்ராப் என்று ஒன்று இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். நெளிநெளியான பிளாஸ்டிக் வேஸ்ட் பைப்பை அப்படியே சுவர்க் குழாய்க்குள் சொருகிவிட்டுப் போன வீடுகள் ஏராளம். அங்கே வாடை வருவது இயல்பு. பி-ட்ராப் (வளைந்த குழாய் வடிவ ட்ராப்) போட்டு, சொருகிய இடத்தை ரப்பர் வளையத்தால் அடைத்தாலே பாதி வீடுகளில் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அடுத்தது, தண்ணீர் எப்போதுமே மெதுவாக இறங்குகிறதா? அப்படியானால் அது காற்றுப் பிரச்சினை இல்லை, அடைப்பு. நம் சமையலறையில் வடித்த கஞ்சியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து குழாயின் உள்பக்கம் பசை மாதிரி பிடித்துக்கொள்ளும். முதலில் சுத்தம் செய்யுங்கள். தண்ணீர் ஜோராக இறங்கி, கடைசியில் மட்டும் குளுக் என்றால்தான் காற்றைச் சந்தேகப்பட வேண்டும்.

குளியலறையில் வாடை என்றால் தரையில் இருக்கிற நானி ட்ராப்பின் ஜாலியை எடுத்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுங்கள். வாடை நின்று, பல நாள் கழித்துத் திரும்ப வந்தால் அது வெறுமனே வெயிலில் வற்றுகிற கதை. ஆள் புழங்காத குளியலறைகளில் சகஜம். ஊருக்குப் போகும் முன் தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு ஸ்பூன் சமையல் எண்ணெய் விட்டால் வற்றுவது தள்ளிப்போகும்.

இப்போது ஈர்க்குச்சிக்கு வருவோம். குளியலறைத் தரை ட்ராப்பில் தண்ணீர் நிரம்பியிருக்கும்போது விளக்கமாற்றிலிருந்து ஒரு குச்சியை உருவி, அடி தொடும்வரை செங்குத்தாக விட்டு எடுத்து, ஈரம் எதுவரை என்று பேனாவால் கோடு போடுங்கள். பிறகு ஒருவரை மேல்மாடியில் கமோடை ஃப்ளஷ் செய்யச் சொல்லுங்கள். அல்லது பக்கத்தில் வாளித் தண்ணீரைக் கவிழ்க்கச் சொல்லுங்கள். நீங்கள் ட்ராப்பைப் பார்த்துக்கொண்டே இருங்கள். தண்ணீர் உள்வாங்கி, மறுபடி குச்சி விட்டால் கோட்டுக்குக் கீழே ஈரம் நிற்கிறதா? உறிஞ்சல். ஏ.ஏ.வி.க்கு இங்கே வேலை உண்டு. மாறாக, தண்ணீர் மேலே பொங்கிக் குமிழ் விடுகிறதா? அது தள்ளல். மேலிருந்து வருகிற தண்ணீர் முன்னால் இருக்கிற காற்றை அழுத்தித் தள்ளுகிறது. அடுக்குமாடியில் தரைத்தளத்துக்காரர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். இதற்கு ஏ.ஏ.வி. மாட்டினால் அது வாயை மூடிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். திறந்த வென்ட் பைப்தான் வேண்டும். தரைத்தள இணைப்பைத் தனியாகச் சேம்பருக்கு (வெளியே தரையில் மூடி போட்ட கழிவுநீர்த் தொட்டி) கொண்டுபோவது இன்னும் நல்லது.

சிங்குக்குச் சோதனை வேறு. தொட்டியை அடைத்து நிரப்பி, ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். இறங்கியதும் கீழே வாளி வைத்து பாட்டில் ட்ராப்பின் அடிக்கோப்பையைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். கோப்பையில் இருக்க வேண்டிய தண்ணீரில் பாதிதான் இருக்கிறது என்றால், சிங்க் தன் தண்ணீரைத் தானே உறிஞ்சிக்கொள்கிறது.

கடைசியாக மொட்டை மாடிக்கு ஏறுங்கள். அக்கா வீட்டில் உண்மையான வில்லன் அங்கேதான் இருந்தான். மாடி எடுத்தபோது, பழைய தளத்தில் நின்றுகொண்டிருந்த வென்ட் பைப்பை அறுத்து, மூடி போட்டு, மேலே தரை ஓடு ஒட்டிவிட்டார்கள். "அது சும்மா நிக்கிற பைப்புதானே சார்" என்றார் கொத்தனார். அந்தச் 'சும்மா நிக்கிற பைப்'பை டக்ட் வழியாக மறுபடி மேலே ஏற்றியதும் குளியலறைகள் வாய் மூடின. உங்கள் வீட்டில் புறாக்கூடாக இருக்கலாம், வாட்டர்ப்ரூஃபிங் செய்தவர்கள் திணித்துவிட்டுப் போன சிமெண்ட் சாக்காக இருக்கலாம். வால்வுக்குச் செலவு செய்யும் முன் இலவசமாகக் கிடைக்கிற தீர்வு இது.

ட்ராப்பைத் திரும்ப மாட்டிப் பார்த்தால், அக்கா வீட்டு சிங்க் மட்டும் அப்போதும் அடங்கவில்லை. அது ஸ்டேக்கிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளி இருந்தது. சிங்குக்குக் கீழேயே குழாய் நேராகத் தரைக்குள் இறங்கியது. அங்கேதான் ஏ.ஏ.வி. தேவைப்பட்டது.

கடையில்

"ஏர் வால்வு இருக்கா?"

"எத்தனை ஹெச்.பி. மோட்டார் சார்?"

ஹார்டுவேர் கடையில் ஏர் வால்வு என்றால் மோட்டார் லைனில், காற்றை வெளியேற்றப் போடுகிற வால்வு. அது நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர். நான்-ரிட்டர்ன் வால்வும் இல்லை. அது தண்ணீரைத் தடுப்பது. 'டிரெய்னேஜ் வென்ட்டுக்குப் போடுற ஏர் அட்மிட்டன்ஸ் வால்வு' என்று முழுப் பெயரைச் சொல்லுங்கள். சின்னக் கடைகளில் இருக்காது. பெரிய சானிட்டரி கடையிலோ ஆன்லைனிலோ தேடுங்கள். பெட்டியில் ஈ.என். 12380 அல்லது ஏ.எஸ்.எஸ்.இ. 1051 என்று தர எண் இருக்க வேண்டும். 1051 ஒரு சிங்க், ஒரு கிளைக்குப் போடுவது. 1050 முழு ஸ்டேக்குக்குப் போடுவது.

அளவில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். நம் ஊரில் ஒன்றரை இஞ்ச் என்று சொல்கிற பி.வி.சி. குழாயின் வெளிவிட்டம் 50 மில்லிமீட்டர். அமெரிக்க ஒன்றரை இஞ்ச் குழாய் 48.3 மில்லிமீட்டர். நம் இரண்டு இஞ்ச் 63, அவர்களுடையது 60.3. ஒட்டாது, பசை போட்டு ஒப்பேற்றினால் ஒழுகும். 50 மில்லிமீட்டர் என்று மெட்ரிக்கில் அச்சிட்ட ஐரோப்பிய வகை நமக்குத் தோதானது. இஞ்ச் பேச்சே வேண்டாம். குழாயில் ஒரு துண்டு வெட்டிப் பையில் போட்டு எடுத்துப் போங்கள், கடையிலேயே பொருத்திப் பாருங்கள்.

கூடவே வாங்க வேண்டியது: பி-ட்ராப் ஒன்று, எஸ்.டபிள்யூ.ஆர். ஸ்வெப்ட் டீ ஒன்று (கழிவுநீர்க் குழாய்க்கான, கிளை வளைந்து சேர்கிற மூன்று வாய் இணைப்பு; மோட்டார் லைனுக்குப் போடுகிற சாதா டீ வேண்டாம், தண்ணீர் முட்டி நிற்கும்), ஒரு அடி குழாய், சால்வென்ட் சிமெண்ட், உப்புத்தாள். வால்வு திருகு மரை வகை என்றால் அதற்கான அடாப்டரும் டெஃப்லான் டேப்பும்.

மாட்டுவது

சிங்குக்குக் கீழே காலி செய்து, பழைய ட்ராப்பைக் கழற்றுங்கள். தரையிலிருந்து வருகிற குழாய் வாயில் பழந்துணியை அடைத்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள், வாடை குறையும், ஸ்குரூவும் உள்ளே விழாது.

குழாய் தரைக்குள் இறங்குகிற அமைப்பில் டீயை நிற்கவைக்க வேண்டும். டீயின் கீழ்வாய் தரைக் குழாயோடு சேரும். பக்கவாய்க்கு ட்ராப்பிலிருந்து படுக்கைக் குழாய் வந்து சேரும். மேல்வாயிலிருந்து ஒரு துண்டுக் குழாய் எழும்பி, அதன் தலையில் வால்வு உட்காரும். குழாய் சுவருக்குள் போகிற அமைப்பு என்றால் டீயைப் படுக்கவைத்து, கிளையை வானம் பார்க்கத் திருப்பினால் போதும்.

அந்தப் படுக்கைக் குழாயில்தான் கவனம் வேண்டும். டீ ட்ராப்பை ஒட்டியே இருக்கக் கூடாது. குழாய் விட்டத்தைப்போல் இரண்டு மடங்காவது, அதாவது 50 மில்லிமீட்டர் குழாய்க்கு 10 சென்டிமீட்டர், தள்ளி இருக்க வேண்டும். ரொம்பத் தள்ளியும் போகக் கூடாது. ஐ.பி.சி. கணக்கில் ஒன்றரை இஞ்ச் குழாய்க்கு 6 அடி, இரண்டு இஞ்சுக்கு 8 அடி. சரிவு அடிக்குக் கால் இஞ்ச். வேகமாக ஓடட்டும் என்று செங்குத்தாகச் சரித்துவிடாதீர்கள். ட்ராப்பின் வழிவிளிம்பிலிருந்து டீ வரை மொத்த இறக்கம் குழாய் விட்டத்தைத் தாண்டினால், வால்வுக்குப் போகும் வழியைத் தண்ணீரே மூடிவிடும், பழைய குளுக் திரும்ப வரும்.

வால்வு அந்தப் படுக்கைக் குழாயிலிருந்து குறைந்தது 4 இஞ்ச் மேலே இருக்க வேண்டும். இடம் இருந்தால் கிரானைட் மேடையின் அடியை ஒட்டி இன்னும் உயர்த்துங்கள். அடைப்பு வந்து தண்ணீர் ஏறினாலும் எச்சில் வால்வைத் தொடாது. நேராக நிற்க வேண்டும். உள்ளே தட்டு எடையால் மூடுவதால், சாய்ந்தால் ஒரு பக்கம் வாய் பிளந்துகொள்ளும். 15 டிகிரிக்கு மேல் சாயக் கூடாது என்பார்கள். நான் ரசமட்டத்தை வைத்தே பார்த்துவிட்டேன், சும்மா கண் பார்வையில் விடவில்லை.

முதலில் எல்லாவற்றையும் பசையில்லாமல் பொருத்திப் பாருங்கள். பிறகு குழாய் முனையை உப்புத்தாளால் தேய்த்து, சால்வென்ட் சிமெண்ட் தடவி, கால் திருப்பு திருப்பி அழுத்தி அரை நிமிடம் பிடியுங்கள். வால்வை மட்டும் பசையால் ஒட்ட வேண்டாம். திருகு வகையோ ரப்பர் வளைய வகையோதான் நல்லது, நாளைக்குக் கழற்ற வேண்டியிருக்கும். பசை ஒரு சொட்டு தட்டில் பட்டாலும் வால்வின் ஆயுள் அன்றோடு முடிந்தது. ஒழுக்குச் சோதனை முடிகிறவரை வால்வை மாட்டாமல், அந்த வாயில் மூடி போட்டு வையுங்கள். சோதனை முடிந்ததும் டெஃப்லான் டேப் சுற்றிக் கையாலேயே இறுக்கினால் போதும், குறடு வேண்டாம். ஒரு நாள் காயவிட்ட பிறகு கஞ்சி வடிக்கலாம்.

சால்வென்ட் வாடை சுத்தமாகப் போனபின் மறுநாள் ஒரு ஊதுபத்தி ஏற்றுங்கள். தொட்டியை நிரப்பித் திறந்துவிட்டு, வால்வின் பக்கத்தில் காட்டுங்கள். தண்ணீர் இறங்கும்போது புகை வால்வை நோக்கி வளைந்து உள்ளே போகும், 'ஸ்ஸ்' என்று மெல்லிய மூச்சு கேட்கும். நின்றதும் புகை நேராக எழும்பும். அக்கா இதைப் பார்த்துவிட்டு, "இதுக்குப் போயா இவ்வளவு நாள் மூக்கைப் பொத்திட்டு சமைச்சேன்?" என்றாள். ஊதுபத்தியோடு சேம்பர் மூடியையோ செப்டிக் டேங்க் மூடியையோ திறந்துவிடாதீர்கள், அங்கே எரியக்கூடிய வாயு இருக்கும்.

மாட்டக் கூடாத இடங்கள்

செப்டிக் டேங்க்கின் ஆவிக் குழாயில் தொப்பிக்குப் பதிலாக இதை மாட்டலாமா என்று கேட்கிறார்கள், கொசு வராதே என்று. கூடவே கூடாது. உள்ளே உண்டாகிற மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் வெளியேறத்தான் அந்தக் குழாய். வால்வு அதை அடைத்துவிடும். கொசுவுக்கு நைலான் வலை கட்டுங்கள்.

வீட்டில் ஒரே ஒரு வென்ட் பைப்தான் இருக்கிறது என்றால் அதன் தலையிலும் கை வைக்கக் கூடாது. ஐ.பி.சி.யும் இதையே சொல்கிறது: எத்தனை ஏ.ஏ.வி. போட்டாலும் குறைந்தது ஒரு குழாய் வானத்தைப் பார்த்துத் திறந்திருக்க வேண்டும்.

சுவருக்குள் வைத்து டைல்ஸ் ஒட்டி மூடாதீர்கள். வால்வுக்குக் காற்று வேண்டும், உங்கள் கைக்கு வழியும் வேண்டும். மேடைக்குக் கீழே ஷட்டர் போட்ட அலமாரி என்றால் கதவில் நாலு ஓட்டையாவது இருக்கட்டும். வெயிலும் தூசியும் படுகிற வெளிச்சுவரும் வேண்டாம்.

மழைக்காலத்தில் தெருச் சாக்கடை நிரம்பித் தரைத்தள ட்ராப் வழியாகத் தண்ணீர் ஏறுகிற வீடுகளுக்கு இந்த வால்வு ஒரு துளி உதவியும் செய்யாது. அதற்குச் சேம்பரில், சாக்கடைத் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கிற பேக்வாட்டர் வால்வு வேண்டும், அது வேறு வேலை.

பிறகு

வால்வின் மேல் மாட்டிய மாதத்தையும் வருடத்தையும் மார்க்கரால் எழுதிவிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை கழற்றி, தட்டில் நூலாம்படையோ எறும்போ இருக்கிறதா பார்த்து, வெறும் தண்ணீரில் அலசி மாட்டினால் போதும். ஆசிட், பினாயில் எதுவும் வேண்டாம். வால்வைச் சுற்றியே வாடை வந்தால் ரப்பர் கெட்டுவிட்டது, பழுது பார்க்க உட்காராமல் புதிதாக வாங்கிவிடுங்கள். வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால் குடியிருப்பவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு வாருங்கள். தெரியாதவர்கள் கண்ணுக்கு அது மூடி கழன்ற குழாய் மாதிரிதான் இருக்கும், எம்சீல் வைத்து அடைத்துவிடுவார்கள்.